செஞ்சிக் கோட்டையைச் சுற்றி நடப்பது எப்படி: மூன்று மலைகளுக்கு நடுவே ஒரு பகல்

செஞ்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ராஜகிரியில் ஏறுவார்கள், உச்சியில் நின்று படம் எடுப்பார்கள், முழங்கால் நடுங்க இறங்கி வந்து பஸ் ஏறிவிடுவார்கள். அவர்கள் பார்த்தது கோட்டையின் ஒரு மூலையை மட்டும்தான். செஞ்சிக் கோட்டை என்பது மலை அல்ல. வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் முக்கோணமாக இழுத்துக் கட்டிய சுவரும், அந்தச் சுவருக்குள் கிடக்கும் பள்ளத்தாக்குத் தரையும் சேர்ந்ததுதான் கோட்டை. சுவரின் மொத்த நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். உள்ளே அடங்கும் பரப்பு 11 சதுர கிலோமீட்டர் அளவு. குளம், களஞ்சியம், லாயம், கோயில், மசூதி என்று ஆட்கள் வாழ்ந்த இடமெல்லாம் தரையில்தான் இருக்கிறது. மலை உச்சி, கடைசியில் ஓடி ஒளிவதற்கான இடம்.

அதனால் இங்கே சொல்லும் நடை, ஒரு மலையை ஏறி இறங்கி, மீதி நேரத்தைத் தரையில் செலவழிக்கும் வட்டப்பாதை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தொடங்கி அங்கேயே முடியும். சுமார் 10 கிலோமீட்டர். அதில் செங்குத்தாக ஏறுவது 240 மீட்டர் போல. நிதானமாக நடந்தால், உட்கார்ந்து எழுந்து, ஏழு மணி நேரம் பிடிக்கும். நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எப்போது, எப்படி வருவது

மார்கழி, தை, மாசி மூன்றும் நல்ல மாதங்கள். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். குளங்களில் தண்ணீர் நிற்கும், புல் பச்சையாக இருக்கும், பத்து மணி வெயில் பொறுக்கும். பங்குனியிலிருந்து ஆனி வரை வேண்டாம். முழுக்க முழுக்கப் பாறை. காலையில் வாங்கிய சூட்டை மாலை வரை திருப்பி அடித்துக்கொண்டே இருக்கும், காற்று நின்றுபோனால் நடக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கல் வேறு மாதிரி: தேய்ந்த படிகளில் பாசி பிடித்து வழுக்கும், ஏறும்போது தெரியாத வழுக்கல் இறங்கும்போது தெரியும். அப்படி மழை பெய்த மறுநாள் என்றால் உச்சியை விட்டுவிட்டுத் தரை நடையை மட்டும் போங்கள். நஷ்டமில்லை.

சித்திரையில் ராஜகிரி வழியிலுள்ள கமலக்கண்ணி அம்மனுக்குத் திருவிழா. திருவிழாவைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போது வாருங்கள். கோட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போது வராதீர்கள்.

சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால், திண்டிவனம் வழியாகப் போகும் வண்டி செஞ்சியில் நிற்கும். நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்குத் திண்டிவனம் பக்கம், அங்கிருந்து 28 கிலோமீட்டர். விழுப்புரம், திருவண்ணாமலை இரண்டிலிருந்தும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். காலை ஒன்பது மணிக்குக் கோட்டை வாசலில் நிற்க வேண்டும் என்பதால், முதல்நாள் இரவே செஞ்சியிலோ திருவண்ணாமலையிலோ தங்கிவிடுவது புத்திசாலித்தனம். சென்னையிலிருந்து காலையில் கிளம்பி வந்து பதினொரு மணிக்கு ஏறத் தொடங்குகிறவர்கள்தான் பாதி மலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கையில் வேண்டியவை

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். மிகைப்படுத்தவில்லை. டிக்கெட் கவுண்டரைத் தாண்டினால் கடை கிடையாது. சுனைத் தண்ணீர் உச்சியில் இருக்கிறது, ஆனால் குடிக்கும் நிலையில் இல்லை. மூன்றில் ஒரு லிட்டரில் உப்பும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இறங்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

காலில் பிடிப்புள்ள ஷூ. ரப்பர் செருப்பும் தோல் செருப்பும் ஏறுவதற்குப் போதும், இறங்குவதற்குப் போதாது. படிகளின் உயரம் ஒன்றுபோல் இருக்காது, சில படிகள் முழங்கால் வரை வரும். மூட்டுவலி உள்ளவர்கள் ஒரு தடி கொண்டுவரலாம். குரங்குகளுக்கும் அது பயன்படும், அடிப்பதற்கு அல்ல, கையில் இருந்தாலே போதும்.

குரங்கு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோட்டையில் நடக்கும் விபத்துகளில் கணிசமானவை குரங்கைப் பார்த்துப் பதறி ஓடி விழுவதால் வருபவை. பிளாஸ்டிக் பை சரசரக்கும் ஓசை அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. பழம், பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் போகட்டும். கையில் எதையும் தொங்கவிடாதீர்கள். குளிர்பான பாட்டிலை வெளியே எடுத்தால் பிடுங்கிவிடும், மூடியைத் திறந்து குடிக்கவும் தெரியும். பிடுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம், கடித்தால் தடுப்பூசிக்கு அலைய வேண்டும். உறுத்துப் பார்ப்பதும் பல்லைக் காட்டிச் சிரிப்பதும் அவற்றின் பாஷையில் சண்டைக்கு அழைப்பது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள்.

செங்குத்துப் பாறைகளின் இடுக்கில் மலைத்தேன் கூடு தொங்குவதுண்டு. புகை, பட்டாசு, கல்லெறிதல், கடுமையான செண்ட் எதுவும் கூடாது. தொப்பி, கொஞ்சம் சில்லறை, சார்ஜ் நிறைந்த போன். அவ்வளவுதான். ட்ரோன் கொண்டுவராதீர்கள். தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

வாசல் திறக்கும் முன்: திருநாதர் குன்று

கோட்டை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். ஆறரைக்கே எழுந்துவிட்டவர்கள் அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம். ஊருக்கு வடக்கே சிங்கவரம் போகும் சாலையில் அரை மணி நேரம் நடந்தால் திருநாதர் குன்று. கோட்டை கட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தப் பகுதியில் ஆள் இருந்ததற்கு இதுதான் சாட்சி. ஏறுவது சிரமமில்லை. மேலே ஒரு பெரும்பாறையின் முகத்தில் சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசை. காலை வெயில் சாய்ந்து விழும்போது புடைப்பின் நிழல் நன்றாகத் தெரியும், பத்து மணிக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிடும்.

அதைவிட முக்கியம் பக்கத்திலுள்ள கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் இது என்கிறது, அப்படிப்பட்ட இடத்தைக் குறிக்கும் ‘நிசீதிகை’ என்ற சொல்லோடு. தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் பழைய தமிழி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்தது. அதனால்தான் எழுத்தியல் படிப்பவர்கள் இதைத் தேடி வருகிறார்கள். இன்னொரு கல்வெட்டு, இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததைச் சொல்கிறது. எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். போனில் டார்ச்சை எரியவிட்டுப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தானாக எழுந்து நிற்கும்.

எட்டரைக்குள் ஊருக்குத் திரும்பி வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். அடுத்த சோறு நாலு மணிக்குத்தான்.

ஊரிலிருந்து கோட்டைக்கு

பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் மேற்கே நேராக நடக்க வேண்டும், சுமார் 2 கிலோமீட்டர். லாரியும் பஸ்ஸும் விரைந்து போகும் சாலை, எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக நடங்கள். நடக்க விருப்பமில்லாதவர்கள் இந்தத் துண்டை மட்டும் ஆட்டோவில் போகலாம். நடந்து போனால் ஒரு லாபம் உண்டு: சாலை கோட்டையின் வெளிச்சுவரை அறுத்துக்கொண்டு உள்ளே நுழையும் இடத்தில் சுவரின் குறுக்குவெட்டைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் கருங்கல், நடுவில் மண்ணும் கல்லும் கொட்டி நிரப்பியது. சில இடங்களில் சுவரின் கனம் 20 மீட்டர் வரை போகிறது. பீரங்கிக் குண்டு வந்து புதைந்துபோகட்டும் என்பதற்காக இந்தக் கனம்.

வலது கையில் தெரிவது கிருஷ்ணகிரி. ஊர்க்காரர்களுக்கு அது ராணிக்கோட்டை. இடது பக்கம் பிரியும் சாலை ராஜகிரிக்கு, அதாவது ராஜாக்கோட்டைக்கு. டிக்கெட் கவுண்டரும் கழிப்பறையும் அங்கேதான். இந்தியர்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டவர்க்கு 300, 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. அதே டிக்கெட் அன்று ராணிக்கோட்டைக்கும் செல்லும், கசக்கிப் போட்டுவிடாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள்.

முதலில் மலை, பிறகு தரை

உள்கோட்டைக்குள் நுழைந்தவுடன் கல்யாண மகால் கண்ணைப் பறிக்கும். போகாதீர்கள். கட்டடங்களுக்கு நிழல் உண்டு, மலைக்கு நிழல் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் மலையை முடித்துவிட்டு, உச்சி வெயில் நேரத்தைக் கட்டடங்களுக்குள் கழிப்பதுதான் இந்த நடையின் கணக்கு. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் பாதியில் திரும்புகிறார்கள்.

ஏற்றம் முதலில் மரங்களுக்கு நடுவே தொடங்கும். வழி ஒன்றுதான், தவற வாய்ப்பில்லை. அடுத்தடுத்து வாசல்கள் வரும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: பாதை நேராக வாசலுக்குள் போகாது. ஒரு பக்கம் திரும்பி, சுவருக்கும் கொத்தளத்துக்கும் நடுவே ஒடுங்கி, மறுபடி திரும்பித்தான் நுழையும். யானையை ஓடவிட்டுக் கதவை முட்ட வைக்க முடியாது, ஓடுவதற்கு இடமில்லை. திரும்பும் இடத்தில் தயங்கும் ஆளுக்கு மேலே மூன்று பக்கமும் சுவர். படையெடுத்து வந்தவனைப் போல நீங்களும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இடம் அதுதான்.

பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். கோட்டையின் காவல் தெய்வம். எருமை பலி கொடுத்த கல் அங்கே இருக்கிறது. நிழல் உள்ள இடம், பத்து நிமிடம் உட்காருங்கள். இங்கே வந்து சேர்வதற்குள் இதயம் படபடத்து, பத்து நிமிடம் கழித்தும் அடங்கவில்லை என்றால் இதோடு திரும்பிவிடுங்கள். இதற்கு மேல்தான் செங்குத்து.

கடைசித் துண்டில் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும். பிளவின் அகலம் சுமார் 7 மீட்டர், ஆழம் 18 மீட்டர் அளவு. இயற்கையாக இருந்த பிளவைச் செதுக்கி இன்னும் ஆழமாக்கியிருக்கிறார்கள். குறுக்கே ஒரு பாலம். அந்தக் காலத்தில் அது இழுத்துக்கொள்ளும் மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித் தீவு, பத்து இருபது பேர் போதும் காவலுக்கு. ஆனால் பத்துப் பேருக்கும் தண்ணீர் வேண்டுமே. உச்சியில் வற்றாத சுனையும் மழைநீர் தேங்கும் பாறைக்குழிகளும் இருப்பதால்தான் இந்த ஏற்பாடு செல்லுபடியாயிற்று. மணிக்கூண்டு, களஞ்சியம், அரங்கநாதர் கோயில் மூன்றையும் பார்த்துவிட்டுச் சுனையைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உச்சியிலிருந்து கிழக்கே பார்த்து நில்லுங்கள். மூன்று மலைகளையும் இணைக்கும் சுவர், நடுவில் பச்சையும் பழுப்புமாய்ப் பள்ளத்தாக்கு, குளங்களின் பளபளப்பு. பிற்பகல் நடக்கப்போகும் வழி முழுவதும் இங்கிருந்து தெரியும். கல்யாண மகாலின் கூம்பு, அதற்கப்பால் வெங்கடரமணர் கோயில் கோபுரம், கிழக்குச் சுவர் என்று வரிசையாக மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் கீழே போனபின் வழிகாட்டிப் பலகையைவிட அது உதவும். 1690இல் ஜுல்பிகர் கானின் முகலாயப் படை வந்து முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் இராஜாராம். 1698 தொடக்கத்தில்தான் கோட்டை வீழ்ந்தது, அதற்குள் அவர் தப்பிவிட்டார். ஏழெட்டு வருடம் ஏன் இழுத்தது என்பது இந்த இடத்தில் நின்றால் புரியும்: 13 கிலோமீட்டர் சுவரை வெளியிலிருந்து இடைவெளி இல்லாமல் சூழ்ந்து நிற்பது எந்தப் படையாலும் லேசில் ஆகிற காரியமில்லை. 1677இல் சிவாஜி பிடித்த பிறகு மராட்டியர்கள் பலப்படுத்தியதும் சேர்ந்துகொண்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அதற்காக இதை மராட்டியர் கோட்டை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. கோன் குல அரசர்கள் தொடங்கியதாக மரபு சொல்கிறது. விஜயநகரத்தின் கீழ் செஞ்சி நாயக்கர்கள்தான் விரிவாகக் கட்டினார்கள். பிறகு பீஜாப்பூர், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறியது.

இறங்கும்போது பக்கவாட்டாகக் காலை வைத்து, முழங்காலைச் சற்று மடக்கியே இறங்குங்கள். நேராக விறைத்த காலால் தொம் தொம்மென்று இறங்கினால் நாளைக்குப் படுக்கையிலிருந்து எழ முடியாது. ஏற ஒன்றரை மணி நேரம், உச்சியில் முக்கால் மணி, இறங்க ஒரு மணி நேரம். பன்னிரண்டரைக்குள் தரைக்கு வந்துவிடலாம்.

உச்சி வெயிலில் உள்கோட்டை

இப்போது கல்யாண மகாலுக்குப் போங்கள். நடுவே எட்டு அடுக்குக் கோபுரம், சுமார் 25 மீட்டர் உயரம், உச்சியில் கூம்பு. சுற்றிலும் சதுர முற்றம், முற்றத்தின் ஓரங்களில் வளைவு வைத்த அறைகள். அரண்மனைப் பெண்கள் இருந்த இடம் என்பார்கள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு சின்ன அறையும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்தான். இவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் இருக்கும் இடம் எவ்வளவு குறைவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வெளியே உள்ள குளத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாக மேல் அடுக்குகள் வரை தண்ணீர் ஏற்றினார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்தால் வெளியில் அடிக்கும் சூடு இங்கே இல்லை என்பது உடம்புக்கே தெரியும். கொண்டுவந்ததைச் சாப்பிட இது தோதான இடம் என்று நினைப்பீர்கள். குரங்குகளும் அப்படித்தான் நினைக்கின்றன. குரங்கு இல்லாத நேரம் பார்த்து, சுவரை ஒட்டி உட்கார்ந்து, விரைந்து முடியுங்கள்.

அடுத்து களஞ்சியங்கள். சுவரின் கனத்தைக் கதவு நிலையில் நின்று கையால் அளந்து பாருங்கள். உள்ளே வளைவுக் கூரை, இருட்டு, சில்லென்ற காற்று, வௌவால் நெடி. மூக்கைப் பொத்திக்கொண்டாவது உள்ளே போக வேண்டும். முற்றுகையில் கோட்டையைக் காப்பாற்றியது பீரங்கி அல்ல, இந்த அறைகள். நெல் கெடாமல் இருக்க வேண்டுமானால் ஈரமும் சூடும் ஏறக்கூடாது, அதற்குத்தான் இந்தக் கனம். பக்கத்திலேயே உடற்பயிற்சிக் கூடம் என்று பலகை வைத்திருக்கும் கட்டடம், வரிசையாக வளைவுகள் கொண்ட லாயம், ஆனைக்குளம். அரண்மனை இருந்த இடத்தில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. அதைச் சுற்றி வர ஐந்து நிமிடம் போதும். வேணுகோபாலசாமி கோயிலில் குழலூதும் கண்ணன் புடைப்புச் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள், பலகைக்கல் ஒன்றில் இவ்வளவு அருமையாகச் செதுக்கியது கோட்டைக்குள் வேறெங்கும் இல்லை.

ஆனைக்குளத்தில் இறங்கிக் கால் நனைக்கத் தோன்றும். வேண்டாம். இங்குள்ள குளங்களெல்லாம் படி வைத்துச் சட்டென்று ஆழமாகிறவை, நீருக்கடியில் உள்ள படிகளில் பாசி. நீச்சல் தெரிந்தவர்களும் வழுக்கி விழுந்தால் பிடித்து ஏற ஒன்றுமில்லை.

சுவரில் பெயர் கிறுக்குகிறவர்களைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்: பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

குளங்களும் கீழ்க்கோட்டையும்

இரண்டு மணி வாக்கில் உள்கோட்டையை விட்டு வெளியே வந்து, வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் நடக்கத் தொடங்குங்கள். இங்கேதான் கூட்டம் காணாமல் போகும். செட்டிக்குளம், சக்கரக்குளம் இரண்டும் இந்தப் பகுதியின் தண்ணீர்ச் சொத்து. மலைச்சரிவில் விழும் மழை ஓடி வந்து சேரும் பள்ளம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். ராஜகிரியின் பாறை முகத்தைப் பாருங்கள், மழைத் தண்ணீர் வழிந்த கறுப்புத் தாரைகள் எந்தப் பக்கம் இறங்குகின்றனவோ அந்தப் பக்கம் ஒரு குளமோ சுனையோ இருக்கும்.

செட்டிக்குளத்தருகே ஒரு மேடை. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி 22 வயதில் மாண்ட தேசிங்கு ராஜனை எரித்த இடம், அவன் மனைவி உடன்கட்டை ஏறிய இடம் என்பார்கள். கூத்திலும் கதைப்பாட்டிலும் தேசிங்கும் அவன் குதிரையும் தோழன் மோவத்துக்காரனும் நூறு மடங்கு பெரிதாக வளர்ந்துவிட்டார்கள். உண்மையில் அவன் ஆட்சி சில மாதங்கள்தான். உடன்கட்டை ஏறிய அந்த ராணியின் நினைவாக நவாப் வைத்த பெயர்தான் ராணிப்பேட்டை என்பார்கள்.

சக்கரக்குளம் பக்கத்தில் கைதிக் கிணறு. பெயர்தான் கிணறு. தனியே நிற்கும் ஒரு பெரும்பாறையின் நடுவே துளை, மேலே வட்டமாகச் சின்னச் சுவர். மரண தண்டனை பெற்றவர்களை உள்ளே தள்ளிப் பட்டினி போட்டுவிடுவார்கள் என்பது கதை. பாறை மேல் ஏறிப் பார்க்க முயலாதீர்கள், கீழிருந்தே தெரியும்.

இங்கிருந்து தென்கிழக்கே சந்திரகிரி ஆசை காட்டும். கிட்டத்தில் இருப்பது போலவும் இருக்கும். அங்கே பராமரித்த பாதை கிடையாது, சப்பாத்தியும் கருவேல முள்ளும், புல்லுக்குள் மறைந்த குழிகளும், பாம்பும் உண்டு. ஊர்க்காரர் துணை இல்லாமல் காலெடுத்து வைக்காதீர்கள், மூன்று மணிக்கு மேல் துணை இருந்தாலும் வேண்டாம்.

வெங்கடரமணர் கோயிலுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். 16ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டியது, கீழ்க்கோட்டையில் இதுதான் பெரிய கோயில். கோபுர வாசலுக்குள் நுழையும்போது நேராக நடந்து போய்விடாமல் இரு பக்கச் சுவரையும் பாருங்கள். இராமாயணக் காட்சிகள், திருமால் அவதாரங்கள், பாற்கடல் கடைவது என்று சின்னச் சின்னச் சதுரங்களாக அடுக்கியிருக்கும். மூன்று மணி வெயில் வாசல் வழியாகச் சாய்வாக வந்து விழும், படம் எடுக்க அது நல்ல நேரம். உள்ளே மண்டபங்களில் தூண் இருக்க வேண்டிய இடங்களில் வெறுமை தெரியும். உயரமான ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள். அடுத்த முறை புதுச்சேரி போனால் சிலையை விட்டுவிட்டுத் தூணைப் பாருங்கள்.

அருகில் சாதத்துல்லா கான் மசூதி. தேசிங்கை வென்ற சில வருடங்களில், 1717–18 வாக்கில் எழுப்பியது, பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. அப்பால் கிழக்குச் சுவரில் புதுச்சேரி வாசல். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் கோட்டைக்குள் புகுந்தது, முகலாயர்க்கு ஏழெட்டு வருடம் ஆன காரியம். காவல் ஆள் போதவில்லை என்றால் எவ்வளவு பெரிய சுவரும் வெறும் கல்தான். 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுக்கொடுத்ததோடு செஞ்சியின் போர்க்கதை ஏறக்குறைய முடிந்தது.

வாசலைப் பார்த்துவிட்டுச் சுவர் ஓரமாகவே வடக்கே நடந்து திருவண்ணாமலைச் சாலையைப் பிடிக்கலாம். மழைக்காலம் முடிந்த கையோடு வந்தால் அந்த ஓரம் முள் மூடியிருக்கும், அகழிச் சரிவும் தெரியாது. அப்படியிருந்தால் வழி கண்டுபிடிக்கப் போராடாமல் வந்த தார்ச்சாலையிலேயே திரும்பிவிடுங்கள், கூடுதலாகக் கால் மணி நேரம்தான். சாலையை அடைந்தால் கிழக்கே ஊர். நாலு மணிக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம்.

ராணிக்கோட்டையும் சிங்கவரமும்

ஒரே டிக்கெட்தானே என்று அன்றே கிருஷ்ணகிரியும் ஏறுகிறவர்கள் உண்டு. தினம் ஓடுகிறவர்களுக்கு முடியும். மற்றவர்கள் மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், 25 ரூபாய் இன்னொரு தடவை போகட்டும். ராஜகிரியைவிட உயரம் குறைவு, முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம், ஆனால் படிகள் நெருக்கமாகச் செங்குத்தாகப் போகும். மேலே களஞ்சியம், எண்ணெய் சேமித்த தொட்டி, அரங்கநாதர் கோயில், கல் ஊஞ்சல். எல்லாவற்றுக்கும் மேல் குவிமாடம் போட்ட தர்பார் மண்டபம். நாலு பக்கமும் திறப்பு வைத்துக் கட்டியது. வேர்த்து விறுவிறுத்து ஏறி வந்து அதற்குள் நுழைந்தால் மின்விசிறி இல்லாமலே காற்று பிய்த்துக்கொண்டு போகும். எதிரே ராஜகிரி முழு உருவத்தோடு நிற்கும். ராஜகிரியை நல்லபடியாகப் படம் எடுக்க வேண்டுமென்றால் இங்கிருந்துதான், காலை வெயில் அதன் முகத்தில் விழும் நேரத்தில்.

இறங்கியதும் சிங்கவரத்துக்கு ஆட்டோ பிடியுங்கள், வடக்கே சில கிலோமீட்டர்தான். மலைமேல் படியேறிப் போனால் பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர், பாறையிலேயே செதுக்கிய, சுமார் 24 அடி நீள உருவம். போருக்குக் கிளம்பும் முன் தேசிங்கு வந்து உத்தரவு கேட்டானாம், பெருமாள் சம்மதிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இன்றும் முகம் அப்படித்தான் இருக்கிறது என்று அர்ச்சகர் தீபத்தை உயர்த்திக் காட்டுவார். இருட்டான கருவறை, கண் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள். நடை நண்பகலில் சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொன்றரைக்குள் மேலே இருக்க வேண்டும். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிப் போய்வரக் கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் அங்கிருந்து வெறும் வண்டி கிடைப்பது கஷ்டம்.